ஒரு துண்டு ஒயர்

ஒரு மாவு மில்லின் ஸ்டார்ட்டர் பெட்டிக்குள் காண்டாக்டரும் ஓவர்லோடு ரிலேயும் மேலும் கீழுமாகக் குடியிருந்தன. மோட்டாருக்குக் கரண்ட் விடுவது காண்டாக்டரின் வேலை. மோட்டார் அளவு மீறி இழுத்தால் காண்டாக்டரை விழவைத்து ஓட்டத்தை நிறுத்துவது ரிலேயின் வேலை.

மோட்டாரின் பேரிங் தேய்ந்ததிலிருந்து ரிலே ஒரு நாளைக்கு நாலு தடவை மில்லை நிறுத்தியது.

"உனக்கு இதே பொழப்பா?" என்று காண்டாக்டர் எரிந்து விழுந்தது.

"கீழே மோட்டார் வெந்துக்கிட்டு இருக்காண்ணே," என்றது ரிலே.

மில்காரர் சவரியப்பன் வயர்மேனைக் கூட்டிவந்தார். வயர்மேன் ரிலேயின் டெஸ்ட் பட்டனை அழுத்தினார். காண்டாக்டர் டக்கென்று விழுந்தது.

"ரிலே நல்லாத்தான் இருக்குங்க. மோட்டாரைத்தான் கழற்றிப் பார்க்கணும்."

ரிலேக்கு உச்சி குளிர்ந்தது.

"அதெல்லாம் பொங்கல் கழிச்சுப் பார்க்கலாம். முதல்ல இது விழாம இருக்க வழி பண்ணுய்யா."

வயர்மேன் ரிலேயின் இரண்டு முனைகளையும் ஒரு துண்டு ஒயரால் இணைத்துவிட்டுப் போனார். அதன்பின் ரிலே சூடேறி, காண்டாக்டரைப் பிடித்துவைக்கும் கரண்டைத் தன் வழியில் துண்டித்தது. கரண்ட் அந்த ஒயர் வழியாகச் சுற்றிப் போனது. காண்டாக்டர் அசையவில்லை. மூன்றாம் நாள் மோட்டார் புகைந்து கருகியது.

"ரிலேன்னு ஒண்ணு இருந்து என்னத்தைக் காப்பாத்திச்சு?" என்று சவரியப்பன் அதைப் பிடுங்கிப் பழைய இரும்புக் குவியலில் எறிந்தார்.

அங்கே கிடந்தபடி ரிலே பார்த்தது. புது மோட்டார் வந்தது. தன் இடத்தில் பளபளவென்று ஒரு புது ரிலே உட்கார்ந்தது. வயர்மேன் பெட்டியை மூடப் போனார்.

"இருய்யா," என்றார் சவரியப்பன். "அந்த ஒயரை மாட்ட மறந்துட்டியே."