வாயில் பனிக்கட்டி

கீமோ ஏறும்போது வாய் புண்ணாகாமலிருக்க ஐஸ்கட்டியை அடக்கிக்கொள்ள வேண்டும், பேசக் கூடாது என்றிருந்தாள் நர்ஸ். ரத்தப் புற்று பிடித்த தணிகாசலத்தின் மஜ்ஜையை அந்த மருந்து அடியோடு அழித்துவிடும். பிறகு தங்கை எழிலரசி கொடுக்கும் செல்கள் அங்கே குடியேறும். அவள் தன் இஷ்டத்துக்குக் கல்யாணம் செய்துகொண்டதிலிருந்து அவர் அவளோடு பேசியதில்லை.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று அவள் இன்டர்காமை எடுத்தாள்.

"அண்ணே, இன்னும் கோபமா?"

அவர் கன்னத்தைத் தொட்டுக் காட்டினார். அவளுக்குப் புரியவில்லை. கோபம் ரத்தத்தில்தான் இருந்ததென்றால் இந்நேரம் அதுவும் செத்திருக்க வேண்டுமே? உள்ளே தேடிப்பார்த்தார், இருக்கிறதா இல்லையா, பிடிபடவில்லை. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு போய்விட்டாள்.

நர்ஸ் வந்து கிண்ணத்தைப் பார்த்தாள்.

"ஐஸ் தீர்ந்து எவ்வளவு நேரமாச்சு! வாயைத் திறந்து கேட்டிருக்கலாமே சார்?"