கல்லின் முதுகு

"கார் எந்தக் கல் பக்கத்துல நிக்குதுன்னு கேளும்மா," என்றார் சாலையோரக் கிலோமீட்டர் கற்களுக்கு எண் எழுதும் நம்பர்காரர், மூன்றாவது முறையாக.

"எந்தக் கல்லுலயும் நம்பரே இல்லையாம்ணே. எல்லாம் வெள்ளை வெளேர்னு நிக்குதாம்," என்றாள் போனில் ஆம்புலன்ஸ் அலுவலகத்துப் பெண்.

எப்படி இருக்கும்? நேற்றுத்தானே ஐம்பத்தைந்திலிருந்து எண்பது வரை ஒரே மூச்சில் வெள்ளையடித்துவிட்டு வந்தார். காய்ந்த பிறகு கறுப்பில் எண் எழுதுவது இருபத்தெட்டு வருடப் பழக்கம்.

இருபத்தாறு கல். இருபத்தாறு மொட்டைத் தலை.

நடுவில் ஒரு கார், பள்ளத்தில் சக்கரம் இறங்கிக் கிடக்கிறது. உள்ளே பிரசவ வலியில் ஒரு பெண்; ஆம்புலன்ஸ் அலுவலகத்தின் இன்னொரு போனில் பேசுவது அவள்தான். பனிக்குடம் உடைந்துவிட்டது. புருஷன் ஆள் தேடி ஓடியிருக்கிறான்.

ஆம்புலன்ஸ் வழக்கமாக நிற்கும் அறுபத்தெட்டிலேயே நிற்கிறது. மலையேறுவதா, இறங்குவதா? தப்பான பக்கம் போனால் வண்டி திருப்ப இடம் கிடைக்கவே அரை மணி ஆகும்.

சாலை அலுவலகத்துக் கிடங்கில் நம்பர்காரருக்குக் கால் தரிக்கவில்லை. பெயின்ட் டப்பாக்களுக்கு நடுவே போனார், வந்தார், ஒன்றை எட்டி உதைத்தார்.

அந்த நெடுஞ்சாலை நேராகப் பிறந்ததில்லை, கண்ணுகளா. பொதிக்கழுதைகள் மூச்சு வாங்காமல் ஏறிய தடத்தில் வண்டி போயிற்று; வண்டித் தடத்தின்மேல் தார் விழுந்தது. இருநூற்றுப் பன்னிரண்டு கிலோமீட்டருக்கும் கழுதைதான் இன்ஜினியர். அப்புறம் ஒரு மழையில் மலை சரிந்து பாதிச் சாலையை விழுங்க, புது வளைவுகள் வெட்டினார்கள். அந்த வருடம் நட்ட கல் அத்தனையும் இவர் கையால் வார்த்தவை.

"கல் சாய்ஞ்சிருக்கா, கேளு."

"சாய்ஞ்சிருக்காம். எதிர்ல பெரிய பாறையாம்."

சாய்ந்த கல் இரண்டு. கீழே அறுபத்தொன்று. மேலே எழுபத்து நான்கு. பாறை இரண்டுக்கும் எதிரே உண்டு.

அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார்.

"கல்லோட முதுகுல ஒரு சின்னக் கை பதிஞ்சிருக்கான்னு பார்க்கச் சொல்லு."

எழுபத்து நான்கின் சிமென்ட் ஈரமாக இருந்தபோது, ஐந்து வயதில் அவர் மகள் பதித்த கை. அன்று அவர் திட்டவுமில்லை, அழிக்கவுமில்லை. ஒவ்வொரு வருடமும் அந்தக் கையைச் சுற்றித்தான் வெள்ளையடிப்பார், இந்த இரண்டு வருடமாக வீட்டில் அவள் பேச்சையே எடுக்கவிடாவிட்டாலும்.

ஆம்புலன்ஸ் அலுவலகத்துப் பெண் கேட்டுச் சொன்னாள்.

"அதைக் கேட்டதும் அழறாங்கண்ணே. கை இருக்காம்."

"இறங்கிப் பார்த்தாங்களா?"

"பார்க்கலை. இருக்கும்னு சத்தியம் பண்றாங்க. இனிமே இந்த ரோட்டுல காலே வைக்கக் கூடாதுன்னு அவங்க அப்பா சொல்லியிருக்காராம், அதனால இறங்க மாட்டாங்களாம். இந்த வலியிலயும் வீம்பைப் பாருங்கண்ணே!"

நம்பர்காரரின் கால்கள் அப்போதுதான் நின்றன.

"எழுபத்தி நாலு. மேல போகச் சொல்லு," என்றார். பிறகு, "அவளை இறங்க வேண்டாம்னு சொல்லும்மா. நான் வந்து தூக்கிக்கிறேன்."

"நீங்க எதுக்குண்ணே?"

பதிலுக்கு, பைக்கை உதைக்கும் சத்தம் மட்டும் கேட்டது.