நாற்பத்து மூன்று புள்ளிகள்

“பதினஞ்சுக்குக் கட்டுன ரூம்புல நாப்பத்தி மூணா? ஏம்மா, எண்ணித்தான் போட்டியா?”

“எண்ணித்தாங்க சார்.”

நோய்த்தடுப்பு அதிகாரி குப்புராஜ் மேசையில் ஓங்கித் தட்டினார். எதிரே நின்ற தேன்மொழி, தன் அறிக்கைத் தாள்களை அவர் பக்கம் இன்னும் நகர்த்தினாள். மொரப்பூரிலிருந்து பஸ் ஏறி வந்தது வீண்போகவில்லை.

அவள் அண்ணன் மாதேஸ், ஜாமீன் கிடைக்காமல் கிளைச் சிறையின் இரண்டாம் அறையில் கிடக்கிறான். வீசிங் உள்ள உடம்பு. பக்கத்துப் பாயில் ஒருவருக்குக் காய்ச்சல். அது அறைக்குள் எப்படிப் பரவும் என்று, புள்ளியியல் படிக்கும் தேன்மொழி கணினியில் கணக்குப் போட்டுப் படமாக்கியிருந்தாள். ஆளுக்கொரு புள்ளி.

“இந்தச் செவப்பு?”

“காய்ச்சல் வந்ததுங்க. இன்னிக்கு ஒரு புள்ளி. மூணே வாரத்துல முப்பத்தொரு புள்ளி.”

“அடப்பாவிங்களா!”

“மூணு ரூம்பாப் பிரிச்சு, ஜன்னலத் தொறந்துவிட்டா நாலோட நின்னுடுங்க.”

“ஒரு ஜன்னலத் தொறக்க என்ன கேடு அவனுங்களுக்கு? காத்து இல்ல, திரும்ப எடமில்ல. யாரு கேப்பாங்கன்னு தைரியம்! உசுருன்னா உசுருதானம்மா?”

இந்த ஒரு வார்த்தைக்காக அவள் மூன்று ஆபீஸ் ஏறி இறங்கியிருந்தாள். முதல் ஆபீசில், ‘தப்பு பண்ணவனுக்கு மெத்தை போடணுமா?’ என்றார்கள். இரண்டாவதில், ‘காய்ச்சல் என்ன, சிறைக் கம்பிய வளைச்சுக்கிட்டா வெளிய வந்துடும்?’ என்றார்கள். மூன்றாவதில் மதியச் சாப்பாட்டு நேரம். அது மாலை நாலரை வரை நீடித்தது.

குப்புராஜ் தலைப்பு, முன்னுரை எதையும் தீண்டாமல் படங்களை மட்டும் புரட்டினார். கடைசித் தாளில் பச்சை மையில் எழுதினார்: ‘இன்றே பிரித்து வைக்கவும்.’ கையெழுத்தும் போட்டார்.

“நீங்க நல்லா இருக்கணும் சார். எங்கண்ணனும் அந்த ரெண்டாவது ரூம்புலதான் இருக்காருங்க.”

“அதுக்குள்ளாறயே தங்குறாரா? பாவமே. எந்தப் பண்ணைம்மா?”

“பண்ணையா? சப்-ஜெயிலுங்க சார்.”

குப்புராஜின் முகத்திலிருந்த கோபம் பட்டென்று வடிந்தது.

“ஜெயிலா? காலையிலிருந்து கோழிப்பண்ணை ஃபைலாவே பாத்துட்டிருக்கேன், மொதல்லயே சொல்றதில்லயாம்மா!” என்று சலித்துக்கொண்டே, போட்ட கையெழுத்தை இரண்டு கோடு இழுத்து அடித்தார்.