பக்கவாட்டில் ஒரு படம்

மறுபடி கதவு தட்டப்பட்டது. அவள் சுவரோடு ஒட்டி நின்றிருந்தாள். இரண்டு பக்க விலாவும் நெருக்கிக்கொண்டிருந்தன. வாயைத் திறந்தாலும் பாதி மூச்சுதான் உள்ளே போயிற்று.

“அண்ணி, உள்ள என்னதான் பண்றீங்க? போட்டோ எடுக்கிறவர் வந்தாச்சு.”

“இதோ… ரெண்டே நிமிஷம்.”

“சீக்கிரம் வாங்க. இன்னைக்கு நீங்கதானே கதாநாயகி!”

கூடத்திலிருந்து பெண்களின் சிரிப்புச் சத்தம் கேட்டது. கழிவறையின் சின்ன ஜன்னலை அவள் ஒருமுறை பார்த்தாள். பூனை வேண்டுமானால் அதன் வழியாகத் தப்பிக்கலாம்.

கூப்பிட்டது அவளுடைய நாத்தனார். கடை மாடியில் ஒரு கூடத்தை வாடகைக்கு எடுத்து, ஐம்பதைத் தாண்டிய பெண்களுக்கு உடற்பயிற்சி சொல்லிக்கொடுக்கிறாள். இருவருக்கும் ஒரே வயது. கல்யாணமான நாளிலிருந்து அந்த ஒரே வயதுதான் அவளைத் துரத்திக்கொண்டிருக்கிறது.

“என் தங்கச்சியப் பாரு, எப்படித் தட்டையா இருக்கா. அவளும் சோறுதான் திங்கிறா, நீயும் சோறுதான் திங்கிற” என்பார் கணவர், தன் தொப்பை மேசையில் இடிக்க உட்கார்ந்துகொண்டு.

அந்தப் பேச்சைத் தாங்க முடியாமல்தான் வகுப்பில் சேர்ந்தாள். சேர்ந்ததில் முழங்கால் வலி போயிற்று. தரையில் உட்கார்ந்தால் கை ஊன்றாமல் எழுந்தாள். படுத்ததும் தூக்கம் வந்தது. வயிறு மட்டும் வீட்டைக் காலி பண்ணாத குடித்தனக்காரர் மாதிரி இருந்த இடத்திலேயே இருந்தது. யாரும் முழங்காலைப் பார்த்துப் பாராட்டுவதில்லை.

ஒருநாள் டிஷர்ட்டுக்குள் வயிற்றை அமுக்கும் பெல்ட்டைப் போட்டுக்கொண்டு வகுப்புக்குப் போனாள். சும்மா, எப்படித்தான் இருக்கிறது பார்க்கலாமே என்று.

“அடேயப்பா, தொப்பை எங்க போச்சு?” என்று எல்லோரும் சுற்றி வந்து பார்த்தார்கள். வீட்டில் கணவர்கூடத் தட்டிலிருந்து நிமிர்ந்து, “பரவாயில்லையே” என்றார்.

அதோடு மாட்டிக்கொண்டாள். இன்று காணாமல் போன வயிறு நாளைக்கு எப்படித் திரும்பி வரும்? வகுப்பில், கடைத்தெருவில், கடைசியில் சமையலறையிலும் பெல்ட்டோடுதான் நடமாட வேண்டியிருந்தது. பாராட்டு ஏற ஏற அவளும் ஒவ்வொரு கொக்கியாக உள்ளே தள்ளி மாட்டினாள்.

நாத்தனாருக்கோ பெருமை பிடிபடவில்லை. குனிந்து நிமிரும் பயிற்சிக்கெல்லாம் அவளைத்தான் முன்னால் நிறுத்துவாள். “நீங்க செஞ்சு காட்டுங்க அண்ணி, நான் நின்னு தப்பு பாக்குறேன்.” வகுப்பு முடிந்து மற்றவர்கள் சாய்ந்து உட்கார்ந்து டீ குடித்தால் நாத்தனார் மட்டும் நின்றுகொண்டே குடிப்பாள். “உக்காந்தா தொப்பை வந்துரும்மா” என்பாள். அதைக் கேட்கும்போதெல்லாம் அவளுக்குக் கூச்சமாக இருக்கும். தான் உட்கார்ந்தே வளர்த்ததுபோல.

இன்றைக்குப் படம். அண்ணியும் நாத்தனாரும் பக்கவாட்டில் நிற்கும் படம். மாடிப்படி வாசலில் பெரிதாக மாட்டப் போகிறார்கள். மாட்டிவிட்டால், அந்தப் படத்தில் இருப்பவளாகவே அவள் காலம் முழுக்க இருந்தாக வேண்டும்.

தோள்பட்டை பிடித்துக்கொண்டதிலிருந்து அவளுக்குக் கை முதுகுக்கு எட்டாது. பெல்ட்டை முன்பக்கம் மாட்டித்தான் பின்னால் திருப்புவாள். இன்று வியர்வையில் நனைந்து அது தோலோடு ஒட்டிக்கொண்டது. கழற்றலாமென்றால் முன்பக்கம் திருப்ப முடியவில்லை. கண் இருட்டிக்கொண்டு வந்தது.

அவள் கதவைக் கொஞ்சமாகத் திறந்தாள். “நீ மட்டும் உள்ள வா.”

“என்ன அண்ணி, மூஞ்சி இப்படி வெளுத்துப் போயிருக்கு?”

அவள் டிஷர்ட்டைத் தூக்கிக் காட்டினாள்.

“எனக்கு ஒரு இஞ்ச்கூடக் கொறையல. எல்லாம் இதோட வேலை. சிரிக்கணும்னா சிரி. உங்கண்ணன்கிட்ட சொல்லணும்னா சொல்லு. மொதல்ல இதக் கழட்டு, என்னால மூச்சு விட முடியல.”

நாத்தனார் பின்னால் வந்து ஒவ்வொரு கொக்கியாகக் கழற்றினாள். கடைசிக் கொக்கி விட்டதும் மூச்சு அடிவயிறு வரை இறங்கியது. வயிறு முழுக்கச் சிவப்புச் சிவப்பாகத் தடம். அவள் அதை உள்ளங்கையால் தேய்த்துக்கொண்டாள். பாவம், இது யாரை என்ன செய்தது?

“நான் இப்படியேதான் வெளிய வரப்போறேன்” என்றாள். “படத்துல நிக்கணும்னா இதே வயித்தோடதான் நிப்பேன். உனக்கு அசிங்கமா இருந்தா வேற யாரையாவது நிறுத்திக்க.”

நாத்தனார் கதவை நோக்கிக் கை நீட்டினாள். வெளியே இருப்பவர்களைக் கூப்பிடப் போகிறாள். கூப்பிடட்டும், என்று அவள் நிமிர்ந்து நின்றாள்.

தாழ்ப்பாள் விழுந்தது. நாத்தனார் முதுகைக் காட்டித் திரும்பி நின்றாள்.

“சீக்கிரம் அண்ணி, எனக்கும் கழட்டி விடுங்க.”