கடைசி ஏழு உதை

படம் நின்றதும் லிஃப்ட் மெக்கானிக்குக்குச் சுர்ரென்று கோபம் வந்தது. இரண்டு மாடிக்கு நடுவே லிஃப்ட் நின்ற மாதிரி, நிற்கிற இடமா இது?

திரையில் வில்லன் நடிகர் இரும்புக்கால் இடுப்புக் கச்சையை இறுக்கிக்கொண்டு, படிக்கட்டில் ஒரு காலை வைத்திருந்தார். அடுத்தது கடைசிச் சண்டை. ஒரே தாவல், காலைத் தரையில் வைக்காமல் ஏழு உதை. குங்ஃபூ படங்களில் அப்படி உதைத்த வில்லன் வேறு யாருமில்லை என்பார்கள். ஹீரோவின் பெயர்கூட யாருக்கும் ஞாபகமில்லை.

மெக்கானிக் அந்த ஏழு உதையைப் பார்த்ததே இல்லை. பத்து வயதில் பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டுவிட்டு இந்தப் படத்துக்குப் போனபோது, சரியாக இந்த இடத்தில்தான் அப்பா காதைத் திருகித் தியேட்டரை விட்டு இழுத்துப் போனார். அதற்குப் பிறகு படம் எங்குமே வரவில்லை. செல்போனில் தேடித் தேடிக் கட்டைவிரல் தேய்ந்ததுதான் மிச்சம். ரசிகர் சங்கத்திடம் ஒரு பழைய பிரதி இருக்கிறது என்று கேள்விப்பட்டு, லீவு போட்டு, மூன்று மணி நேரம் பஸ்ஸில் வந்திருந்தார்.

"மெஷின் சூடாயிடுச்சு. பத்து நிமிஷம் ஆறட்டும்," என்றார் பல் டாக்டர்.

அவர்தான் சங்கத் தலைவர். அவருடைய கிளினிக்கின் மாடிதான் தியேட்டர். இரும்புக்கால் எந்தப் படத்தில் எத்தனை பேர் பல்லை உதிர்த்தார் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்.

மெக்கானிக் எழுந்துபோய் புரொஜெக்டர் மேல் கையை வைத்தார்.

"இது ஒரு சூடா சார்? ஓடற மெஷின்னா இந்த வெதுவெதுப்பு இருக்கத்தான் செய்யும். மெஷின்காரன்கிட்டயே கதை விடறீங்களா?"

மாடியில் முப்பது பேர் இருந்தார்கள். எல்லோரும் டாக்டரைப் பார்த்தார்கள்.

முன்வரிசையில் இருந்த வயதான அம்மா மட்டும் கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். "எனக்கு மாத்திரை நேரமாச்சுப்பா. நான் கிளம்பறேன். நீங்க பாருங்க."

"பார்த்து இறங்குங்க அண்ணி," என்று டாக்டர் மாடிப்படி வரை போய் வழியனுப்பிவிட்டு வந்தார்.

மெக்கானிக்குக்கு இப்போது எல்லாம் புரிந்த மாதிரி இருந்தது.

"ஓஹோ. உங்க அண்ணி மாத்திரை போடணும்னா முப்பது பேரும் காத்துக் கிடக்கணுமா? நல்லா இருக்கு சார் உங்க சங்கம்."

டாக்டர் அவர் கையைப் பிடித்து ஓரமாக இழுத்தார். "மெதுவாப் பேசுங்க. இங்க எல்லாருக்குமே அவங்க அண்ணிதான். இரும்புக்காலோட சம்சாரம்."

மெக்கானிக் மாடிப்படிப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"அவர் இருந்தப்போ மாசாமாசம் இதே படத்துக்கு ரெண்டு பேரும் சேர்ந்து வருவாங்க. போன வருஷம் அவர் போயிட்டார். ஏழாவது உதை முடிஞ்சதும் ஹீரோ அவரை ஈட்டியால குத்திடுவான். நெஞ்செல்லாம் ரத்தமா விழுவார். அதை எப்படிங்க அவங்க முன்னாடி போடறது? அதான் இந்த இடம் வந்ததும் மெஷினைச் சாக்கு சொல்லி நிறுத்திடறோம். அவங்க மாத்திரைக்குக் கிளம்பினதும் மீதியைப் போடுவோம். பாவம், நம்பிடறாங்க. போன மாசம்கூட, நல்ல மெஷினா ஒண்ணு வாங்குங்களேன்னு சொன்னாங்க. இன்னிக்கு நீங்க போட்டு உடைச்சுட்டீங்க."

மெக்கானிக்கை வெட்கம் பிடுங்கித் தின்றது. ஏழு உதை போனால் போகட்டும் என்று தடதடவெனப் படியிறங்கினார்.

அந்த அம்மா கிளினிக் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார்.

"அம்மா, மேலே நான் சொன்னதைப் பெருசா எடுத்துக்காதீங்க. மறுபடியும் தொட்டுப் பார்த்தேன். மெஷின் கொதிக்குது. கையே சுட்டுப்போச்சு."

அவர் மெக்கானிக்கின் கையை வாங்கி, உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார். பிறகு சிரித்தார்.

"வந்த அன்னிக்கே உங்களையும் கூட்டுச் சேர்த்துக்கிட்டாங்களா?"

மெக்கானிக் கையைப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

"அவரோட துணியெல்லாம் நான்தான் தைப்பேன் தம்பி. காலைத் தலைக்கு மேல தூக்கினாலும் கிழியக் கூடாதுன்னு, கவட்டையில ஒரு துண்டு துணி வெச்சுத் தைக்கணும். அந்தக் கடைசி சீனுக்கு மட்டும் ஒன்பது சட்டை தைச்சேன். ஒவ்வொரு டேக்குக்கும் ரத்தச் சாயம் பட்டுடுமே. ஒன்பது தடவை செத்து விழுந்தார். ஒன்பது தடவையும் எழுந்து வந்து, டீ இருக்கான்னு கேட்டார். அவர் விழறதைப் பார்த்தா எனக்கு அந்த டீதான் ஞாபகம் வரும்."

அந்த அம்மா மாடி ஜன்னலை ஒருமுறை அண்ணாந்து பார்த்தார்.

"நீங்க இன்னும் பார்த்ததில்லையா அதை?"

"இல்லைங்கம்மா. பத்து வயசுலேருந்து காத்திட்டிருக்கேன்."

"அப்போ மேலே ஓடுங்க. நான் தெருமுனை திரும்பற வரைக்கும் ஜன்னல்ல நின்னு பார்த்துட்டுத்தான் படத்தைப் போடுவாங்க. நீங்க போய் உட்கார்ற வரைக்கும் நான் மெதுவாவே நடக்கிறேன்."

"வேண்டாங்கம்மா. உங்களுக்கு மாத்திரைக்கு நேரமாச்சே?"

"எனக்கு ஏது தம்பி மாத்திரை? என்னைப் பக்கத்துல வெச்சுக்கிட்டு அவர் விழறதைப் பார்க்க, பாவம், அந்தப் பசங்களுக்குத்தான் மனசு தாங்காது."