பேயா, போலீஸா?

"தூங்காதீங்க! எதையாவது பேசிக்கினே இருங்க!" என்று செவ்வந்தி கணவனின் கன்னத்தைத் தட்டினாள்.

ஜீப்பின் பின்சீட்டில், அவள் மடியில் தலைவைத்துப் படுத்திருந்தான் சிவசங்கர். இடது காலில் துண்டு சுற்றியிருந்தது.

கல்வராயன் மலையில், நண்பன் சின்னராசு வீட்டுக் காதுகுத்துக்கு வந்தவர்கள் அவர்கள். பாய் விரித்துத் தரையில் படுத்திருந்தார்கள். விடியும் நேரத்தில், "பாம்பு! கால்ல கடிச்சிடுச்சி!" என்று சிவசங்கர் போட்ட கூச்சலில்தான் செவ்வந்தி கண் விழித்தாள். கடித்தால் வலிகூடத் தெரியாத கட்டுவிரியன் ஒன்று கதவிடுக்கில் நழுவி ஓடியதைச் சின்னராசுவும் பார்த்தான். அடுத்த நிமிடம் ஜீப்பை எடுத்துவிட்டான்.

சுவரில் பல்லி ஓடினாலே பக்கத்து வீட்டுக்கு ஓடுகிறவள் செவ்வந்தி. இப்போது அவள் உடம்பு வெடவெடவென்று நடுங்கியது.

"நீ ஆடாம உக்காரு. நீ அசைஞ்சா எனக்கு விஷம் ஏறும்" என்றான் சிவசங்கர்.

அவள் கல்லாய்ச் சமைந்தாள்.

"சரி, சொல்லு. உன் போலீஸ் பொன்னுரங்கம் ஒஸ்தியா, என் ஊமைப் பங்களா ஒஸ்தியா?"

கல்யாணமான நாளிலிருந்து தீராத வழக்கு அது. பொன்னுரங்கம் படம் ஏழு பாகம் வந்துவிட்டது. பங்களாப் பேய் ஆறு பாகம். ஒவ்வொன்றையும் கள்ளக்குறிச்சியில் முதல் நாளே பார்த்துவிட்டு, வீடு வந்து சேரும்வரை சண்டை போடுவார்கள்.

"இந்த நேரத்துல சினிமாவாங்க?" என்று அழுதாள்.

"பேசலன்னா நான் தூங்கிடுவேன்."

அந்த ஒரு வார்த்தை போதுமாயிருந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு ஆரம்பித்தாள். "உங்க பேயி மொதப் பாகத்துல ஊரையே கொன்னுச்சி. மூணாவதுல காமெடி பண்ணிச்சி. ஆறாவதுல பாத்தா, கொழந்தைக்குச் சோறு ஊட்டிக்கினு இருக்குது! அதுக்கு இன்னாத்துக்கு பேய்ப்படம்?"

ஓட்டிக்கொண்டிருந்த சின்னராசு சிரிக்கவில்லை. வளைவுக்கு வளைவு கண்ணாடியில் பின்சீட்டையே பார்த்தான்.

"பேய் திருந்துச்சிடி. கோவத்துல ஆரம்பிச்சி பாசத்துல வந்து நிக்குது. அதான் கதை. உன் பொன்னுரங்கம் ஏழு பாகமா அதே மீசையத்தான் முறுக்கிக்கினு திரியறான்."

"மீசைய மட்டும் பாக்காதீங்க. பாகத்துக்குப் பாகம் ஒண்ணத் தொலைக்கறான். ரெண்டாவதுல சிநேகிதன் போறான், நாலாவதுல வேலை போவுது, ஆறாவதுல பொண்டாட்டி..."

"அந்தப் பாகம் வாணாம்!" என்று சிவசங்கர் வெடுக்கென வெட்டினான். அவன் முகம் வெளுத்திருந்தது. "வேற சொல்லு."

மலைப்பாதை முடிந்தது. கச்சிராயபாளையம் தாண்டியதும் கரும்பு ஏற்றிய டிராக்டர் ஒன்று பாதையை அடைத்துக்கொண்டு ஊர்ந்தது. சின்னராசு ஹாரனிலிருந்து கையை எடுக்கவே இல்லை. செவ்வந்திக்குச் சாலையின் வெள்ளைக் கோடு இரண்டிரண்டாகத் தெரிந்தது. அழுத கண் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

"மூணாம் பாகத்து வில்லன் பேரு இன்னா?"

"அவன்... வந்து..." பயத்திலோ என்னவோ, அவளுக்கு நாக்கு குழறியது.

"சொல்லு செவ்வந்தி! வில்லன் பேரு இன்னா?" அவன் கத்தினான். விஷம் தலைக்கேறிப் பிதற்றுகிறானோ என்று அவளுக்குக் குலை பதறியது.

"சின்னராசு... இன்னும் வேகமா..."

"தோ, வந்துட்டோம் அண்ணி. போன் போட்டுச் சொல்லிட்டேன், ரெடியா இருக்காங்க. நீங்க பேச்ச விட்டுடாதீங்க!"

ஆஸ்பத்திரி வாசலில் டாக்டரும் நர்ஸும் ஸ்ட்ரெச்சரோடு ஓடிவந்தார்கள். "இவர... மொதல்ல இவர..." என்று சொல்ல வாயெடுத்தாள் செவ்வந்தி. பாதிதான் வெளியே வந்தது.

"கடி கால்லதானே?" என்று டாக்டர் சிவசங்கரின் காலைப் பிடித்தார்.

சிவசங்கர் துண்டை உதறி எறிந்துவிட்டு, அந்தக் காலாலேயே குதித்து இறங்கினான். நடக்காதீங்க என்று கத்தப் பார்த்தாள். குரல் எழும்பவில்லை. அவன் அவளை இரண்டு கைகளாலும் அள்ளி ஸ்ட்ரெச்சரில் கிடத்தினான். அதுவரை அடக்கிவைத்த அழுகை அவனுக்குப் பீறிட்டு வந்தது.

"என்னை இல்ல சார்... பாம்பு கடிச்சது இவள!"