ஒரே ஒரு தப்பு

“ஒரு தப்பு! ஒரே ஒரு தப்பு கண்டுபிடிச்சுக் குடு, போதும்!”

மரக்கடை முதலாளி போட்ட சத்தத்தில், டோக்கன் பிடித்து உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாம் கண்ணாடித் தடுப்புப் பக்கம் கழுத்தை நீட்டினார்கள்.

“இல்லாததை எங்கேருந்து எடுத்துக் குடுக்கறது?” என்றாள் பூதக்கண்ணாடி.

அந்தப் பட்டப்பெயர் அவளுக்குச் சும்மா வந்ததில்லை. வெளிநாட்டுச் சரக்குக்கு வங்கி எல்.சி. என்கிற உத்தரவாதக் கடிதம் கொடுத்திருந்தால், விற்றவன் அனுப்பும் காகிதக் கட்டு முதலில் அவள் மேசைக்குத்தான் வரும். இன்வாய்ஸ் ஒன்று சொல்லி, சரக்கு எந்த நாட்டுடையது என்று சொல்லும் பிறப்பிடச் சான்றிதழ் வேறொன்று சொன்னால், அவ்வளவுதான், அனுப்பியவனுக்குத் தூக்கம் போச்சு.

எல்லாரும் தப்பு வந்துவிடக் கூடாதே என்று பயப்படும் மேசையில், முதலாளி மட்டும் தப்பு கேட்டு நின்றதற்குக் காரணம் இருந்தது. அவர் ஆர்டர் கொடுத்த பிறகு தேக்கு விலை படுத்துவிட்டது. காகிதத்தில் தப்பிருந்தால் சரக்கே வேண்டாம் என்று தள்ளிவிடலாம். இல்லாவிட்டால் இன்று மாலைக்குள் வங்கி பணம் அனுப்பியாக வேண்டும்.

நடுவில் மாட்டிக்கொண்டவர் மேனேஜர். முதலாளி கோபித்துக்கொண்டு எதிர்த்த வங்கிக்குப் போய்விட்டால் இவர் கதி? தேநீரை ஒரு வாய் குடித்துவிட்டு, டம்ளரை ஒரு கவர் மேல் வைத்தார். போன வாரம் பூதக்கண்ணாடி கொடுத்த கவர், இன்னும் பிரிக்கவில்லை. மேலே வட்டம் வட்டமாகத் தேநீர்க் கறை.

“நல்லாப் பாருங்கம்மா. இன்வாய்ஸ்ல ‘முதல் தரத் தேக்கு, பட்டை உரிச்சது’ன்னு இருக்கு. சான்றிதழ்ல வெறுமனே ‘தேக்கு’ன்னுதானே இருக்கு?”

“பொதுப் பேர் போதும் சார். வேம்புன்னு எழுதியிருந்தாத்தான் தப்பு.”

“அனுப்பினவன் பேரே வேற!” என்று முதலாளி பாய்ந்தார். “எனக்கு வித்தவன் ஒருத்தன், இதுல இருக்கறவன் இன்னொருத்தன்!”

“வித்தவர் இன்னொருத்தர் மூலமா அனுப்பலாம். விதி இருக்கு.”

“இன்வாய்ஸ் நம்பர் கூட மாறியிருக்கே!”

மேனேஜர் முகத்தில் பல்பு எரிந்தது.

“அது அந்த இன்னொருத்தரோட இன்வாய்ஸ் நம்பர். அதுக்கும் விதி இருக்கு.”

பல்பு அணைந்தது.

அப்போதுதான் அவள் விரலில் கிடந்த புது மோதிரம் மேனேஜர் கண்ணில் பட்டது. இவள் வாங்கும் சம்பளத்துக்கு எட்டுகிற மோதிரமா அது? கடல் தாண்டி இருப்பவன் ஆளை நன்றாகத்தான் கவனித்திருக்கிறான் என்று அவர் அங்கேயே முடிவு கட்டிவிட்டார்.

“வித்தவன் மேல உங்களுக்கு ஏன்மா இவ்வளவு அக்கறை?” என்று குத்தலாகக் கேட்டார்.

“எனக்கு யார் மேலயும் அக்கறை இல்ல சார். இந்த ஃபைலே எனக்கு வேணாம், வேற யார்கிட்டயாவது குடுங்கன்னு போன வாரமே எழுதிக் குடுத்தேன். காரணமும் அதுல இருக்கு.”

அவள் பார்வை டம்ளருக்கு அடியில் போனது. மேனேஜர் பார்வை போகவில்லை. வேலைக்கு டிமிக்கி கொடுக்க ஆளாளுக்கு ஆயிரம் காரணம் எழுதுவார்கள். அதையெல்லாம் படித்துக்கொண்டிருந்தால் ஆகுமா?

“கடைசியாக் கேக்கறேன். தப்புன்னு ஒரு வரி எழுதறீங்களா, இல்ல நாளைலேருந்து கீழ்த்தளத்துல பழைய ஃபைல் ரூம்ல உக்கார்றீங்களா?”

“அங்க லைட் எரியுமா சார்? எரியலைன்னா வீட்லேருந்து டார்ச் கொண்டு வரேன்.”

தடுப்புக்கு அந்தப் பக்கம் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். முதலாளி மேசையை ஓங்கி அடித்தார்.

“என்ன திமிரு! ஞாயித்துக்கிழமை வரட்டும், அப்பத் தெரியும் உனக்கு!”

ஞாயிற்றுக்கிழமை வங்கிக்கு விடுமுறையாயிற்றே என்று மேனேஜர் விழித்தார். அவள் விழிக்கவில்லை, எழுந்து நின்றாள். மோதிரத்தைத் திருகிக் கழற்றி, இன்வாய்ஸ் மேல் வைத்து, இரண்டையும் சேர்த்து முதலாளி பக்கம் தள்ளினாள்.

“இந்தாங்க. தப்பு இருந்தா, என்னைப் பெத்தவங்க அனுப்பின பேப்பரா இருந்தாலும் விடமாட்டேன். இந்த மோதிரத்துக்காக இல்லாத தப்பை எழுதுவேன்னு நினைச்சீங்கன்னா, அது மட்டும் நடக்காது.”

அடேயப்பா, கொடுத்தது கடல் தாண்டி இருப்பவன் இல்லை, இந்த மனுஷன்தானா! மேனேஜருக்கு மின்விசிறிக்குக் கீழேயே வியர்த்தது. வெளியே டோக்கன் எண்ணைக் கூப்பிட்டும் ஒருவரும் எழுந்து போகவில்லை.

முதலாளி மோதிரத்தையே பார்த்தபடி நின்றார். அவ்வளவு நேரம் ஆடிய ஆட்டம் எங்கே போனதோ! நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். பேனாவை வாங்கி, பணம் அனுப்பச் சம்மதம் என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டார். பிறகு மோதிரத்தை ஒற்றை விரலால் அவள் பக்கமே நகர்த்தினார்.

அதுதான் கையெழுத்தே போட்டாயிற்றே, இன்னும் எதற்கு லஞ்சம்? மேனேஜர் வாயைத் திறப்பதற்குள் முதலாளி முந்திக்கொண்டார். குரல் கெஞ்சியது.

“போட்டுக்க. கல்யாணம் நின்னுபோனா என் பையன் என்னை வீட்டுக்குள்ளயே விடமாட்டான், மருமகளே!”